ஒரு சுற்று அதிகம்

2.9.2024
அந்தமான்

அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். கிழிக்காமல் இதுவரை படித்துவிட்டாய் என்றால் மிச்சத்தையும் படித்துவிடு. இது சொந்த விஷயம் இல்லை. ஆர்டர்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நீ லேத் மேல் கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்து, "வாயத் தொறந்து இவன்கூட ஒரு வார்த்தை பேசினா, அப்புறம் இந்தக் கை மெஷினத் தொடக் கூடாது" என்று சத்தியம் செய்தபோது நான் வாசலில் பெட்டியோடு நின்றிருந்தேன். எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லை. இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று. நான் எப்போதுமே கொஞ்சம் மந்தம், உனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு வேகப் படகுக்கு நான்தான் மெக்கானிக், நான்தான் டிரைவர். மணிவண்ணன் என்பவருடைய படகு. வெளிநாட்டு பெட்ரோல் இன்ஜின், எட்டு சிலிண்டர், தலைமேல் சூப்பர்சார்ஜர். சாதாரண இன்ஜின் காற்றைத் தானாக உறிஞ்சும். இதில் அந்தப் பெட்டி காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும். அதனால் வேகம் அதிகம், தலைவலியும் அதிகம்.

போன சீசனில் நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தாண்டினாலே இன்ஜின் தும்ம ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தேன். வால்வு ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிட்டன. வால்வை அவை சரியாக மூடுவதில்லை. மொத்தம் பதினாறு ஸ்பிரிங் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் நாலு மாதம். மணிவண்ணன் ஏதோ பந்தயக் காருக்கான ஸ்பிரிங்கை செல்போனில் காட்டி "இது போதும்பா, இருக்கறதுலயே கெட்டி இதுதான்" என்கிறார். கெட்டியாக இருந்தால் போதும் என்றால் இரும்புக் குழாயை வெட்டி வைத்துவிடலாமே.

நீ சுற்றித் தருவாயா? தருவதாக இருந்தால் என்னென்ன அளவு வேண்டும் என்று எழுது.

இங்கே சிக்னல் படகுத்துறையில் மட்டும்தான், அதுவும் காற்று நினைத்தால். துறையில் டிக்கெட் கவுண்டரில் ஒரு லேண்ட்லைன் உண்டு. அதன் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ கூப்பிட மாட்டாய் என்று தெரியும். எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

கந்தன்


16.9.2024
செவிலிமேடு, காஞ்சிபுரம்

ஆர்டர் கொடுத்தவருக்கு,

கடிதம் கிடைத்தது. போஸ்ட்மேன் சீனிவாசன் மூன்று தடவை உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தமான்ல யாருக்கா இருக்காங்க?" என்று கேட்டார். கஸ்டமர் என்றேன்.

வால்வு ஸ்பிரிங் நான் செய்ததில்லை. பட்டுத்தறி ஜக்கார்டு பெட்டிக்கும் ஒரகடம் கம்பெனிகளின் பிரஸ்ஸுக்கும் செய்கிறேன். ஆனால் ஸ்பிரிங் ஸ்பிரிங்தான். எங்கே உட்கார்ந்தாலும் அதற்குத் தெரிந்தது ஒரே வேலை, அமுக்கினால் திருப்பித் தள்ளுவது. எனவே கீழே கேட்டிருப்பதற்குப் பதில் வேண்டும்.

வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்குக்கு எவ்வளவு உயரம் இடம் இருக்கிறது? முழுக்கத் திறக்கும்போது எவ்வளவு? மூடிய நிலையில் எத்தனை கிலோ அழுத்தம் வேண்டும், ஏன்? "ஏன்" என்பதை எழுதாமல் விட வேண்டாம். சும்மா எண்ணை மட்டும் கொடுத்தவர்கள் பிறகு வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். படகு ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் ஓடும்? கார் என்றால் சிக்னலில் நிற்கும், இறக்கத்தில் ஓய்வெடுக்கும். கடலில் அப்படி இல்லை என்று நினைக்கிறேன்.

இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடியும் என்று என்னிடம் வேலை செய்யும் அகிலா சொன்னாள். அதில் நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது இங்கே தெரியும், நான் படித்தது அங்கே தெரியும். அது பேச்சுதான். காகிதம் போதும் என்றேன். "நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான்கா இருக்கீங்க" என்று சிரிக்கிறாள். அவளுக்கு எல்லாம் சிரிப்பு.

சௌக்கியமா என்று கேட்கவில்லை. ஆர்டருக்கு அது தேவையில்லை. வாசலில் பெட்டியோடு நின்று நீங்கள் கேட்ட கேள்வியையும் நான் மறக்கவில்லை. உங்களுக்காகத்தான் இந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன் என்றதற்கு, "உன்ன யார் இருக்கச் சொன்னது?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியோடுதான் ஏழு வருஷமாகக் கடையைத் திறந்து மூடுகிறேன்.

ஏலவார்குழலி

அங்கே துவரம்பருப்பு கிடைக்கிறதா?


27.9.2024
அந்தமான்

அக்காவுக்கு,

பருப்பு கிடைக்கிறது. கப்பல் வரும் வாரங்களில் மட்டும். கடைசி வரியைத்தான் முதலில் படித்தேன், நாலைந்து தடவை.

நீ கேட்ட அளவுகள். மூடியிருக்கும்போது 48 மில்லிமீட்டர். வால்வு 14 மில்லி இறங்கும், ஆகவே முழுக்கத் திறக்கும்போது 34 மில்லி. அந்த 34-இல் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாது. குறைந்தது ஒன்றரை மில்லி இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். வேகமாக ஓடும்போது சுற்றுகளே அலைபோல் ஆடும். இடமில்லையென்றால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு உடையும். ஸ்பிரிங் உடைந்தால் வால்வு சிலிண்டருக்குள் விழும். அப்புறம் இன்ஜின் இல்லை, வெறும் பாரம்தான்.

மூடிய நிலையில் அறுபது கிலோ வேண்டும். ஏன் என்று கேட்டாய். பழைய ஸ்பிரிங்குக்கு நாற்பத்தைந்துதான். சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜினுக்கு அது போதும். ஆனால் அமுக்கித் திணிக்கிற காற்று, மூடியிருக்கும் வால்வின் முதுகில் உட்கார்ந்து அதைத் திறக்கத் தள்ளிக்கொண்டே இருக்கும். கணக்குப் போட்டேன். ஒரு வால்வுக்குப் பதிமூன்று கிலோவுக்கு மேல் வருகிறது. அதைச் சமாளிக்கத்தான் அறுபது.

அப்படியானால் எண்பது போட்டால் என்ன என்று மணிவண்ணன் கேட்கிறார். போடலாம். வால்வு நன்றாகவே மூடும். ஆனால் அதைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் தேயும். பந்தயக் கார் பத்து நிமிஷம் ஓடிவிட்டு நிற்கும். இது இரண்டு மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். தளர்வாக இருந்தால் இன்றைக்குக் கெடும், இறுக்கமாக இருந்தால் ஆறு மாதத்தில் கெடும். நடுவில் ஒரு அளவு இருக்கிறது. அதைத்தான் கேட்கிறேன்.

படகு தயாராக இல்லாமல் என்ன குடி முழுகிவிடும் என்று நீ நினைக்கலாம். சுற்றுலாக்காரர்கள் பவழப் பாறை பார்க்காவிட்டால் யாரும் சாக மாட்டார்கள். ஆனால் இந்தத் தீவில் வேகமான படகு இது ஒன்றுதான். போன மார்ச்சில் காந்தா என்று ஒரு பெண்ணைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நடுக்கடலில் இன்ஜின் தும்மி நின்றுவிட்டது. நாற்பது நிமிஷம். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வங்காள மொழியில் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் புரியவில்லை, ஆனால் புரிந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எனக்குத்தான் இன்னும் அந்த நாற்பது நிமிஷம் முடியவில்லை.

தீபாவளிக்குள் படகு ஓடவில்லையென்றால் விற்றுவிடுவதாக மணிவண்ணன் சொல்லிவிட்டார். படகு போனால் எனக்கு இங்கே வேலை இல்லை.

மாலை நாலு மணிக்குக் கடைசிக் கப்பல் போனதும் துறையில் நானும் இரண்டு நாய்களும்தான். மணிவண்ணனை விட்டால் தமிழில் பேச ஆள் இல்லை. இன்ஜினோடு பேசுகிறேன். அது தும்முவதைப் பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கந்தன்


9.10.2024
செவிலிமேடு

கந்தனுக்கு,

பதினாறு ஸ்பிரிங்கும் இந்தப் பார்சலில் இருக்கிறது. நாலரை மில்லிக் கம்பி. சென்னையிலிருந்து வரவழைத்தேன். ஆறரைச் சுற்று என்று கணக்கு வந்தது. அதற்கு மூன்று நாள் காகிதத்தைக் கிறுக்கினேன். நீ எழுதிய "ஏன்" நன்றாக இருந்தது. படித்த பிள்ளை எழுதுகிற மாதிரி இருந்தது.

நாளை மறுநாள் ஆயுத பூஜை. அதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்று நேற்று ஒரே நாளில் பதினாறையும் சுற்றினேன். மதியத்துக்கு மேல் கை தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது, எண்ணக்கூட வேண்டியிருக்கவில்லை. அப்பா ஜக்கார்டு ஸ்பிரிங் சுற்றும்போது பாட்டுக் கேட்டுக்கொண்டே சுற்றுவாரே, அப்படி. இத்தனை நாள் கழித்து வேலை எனக்குப் பிடித்திருந்தது. பிறகு சூடேற்றி, முனைகளை அகிலா தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்தாள். இன்ஜினுக்குள் குங்குமம் போகலாமா என்று தெரியவில்லை. துடைத்துவிட்டு மாட்டு.

மேலுக்கு ஒன்று சுற்றி இங்கே மாதிரிக்கு வைத்துக்கொண்டேன். எதை எண்ணி முடித்தாலும் மேலுக்கு ஒன்று போடாமல் இந்த வீட்டில் விட்டதில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். பத்து முறுக்கு கேட்டால் பதினொன்று. உனக்கு அடி விழுந்தாலும் அப்படித்தான் விழுந்தது.

வேலை போனால் எங்கே போவாய் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் அறையில் இப்போது கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. வேண்டுமென்று போடவில்லை. இடம் காலியாக இருந்தது, போட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் காலையில் பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறவர்கள். அவர்கள் முகம்கூட எனக்குத் தெரியாது.

ஏலவார்குழலி


20.10.2024
அந்தமான்

அக்காவுக்கு,

பார்சல் நேற்று வந்தது. பெட்டியைத் திறந்ததும் நம் பட்டறை எண்ணெய் வாசனை வந்தது. உடனே மூடிவிட்டேன். ராத்திரி மறுபடி திறந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

முதல் சிலிண்டரில் இரண்டை மாட்டி, கையால் இன்ஜினைச் சுற்றிப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் சுற்றுகிறது. முழுக்கத் திறந்த நிலையில் சுற்றுகளுக்கு நடுவே தகடு விட்டு அளந்தேன். கால் மில்லித் தகடுதான் நுழைந்தது. நான் ஒன்றரை கேட்டிருந்தேன். முதலில் திக்கென்றது. பிறகு யோசித்தேன். சுற்றுகள் ஆடாமல் இருக்க இடைவெளியை வேண்டுமென்றே குறைக்கிறவர்களும் உண்டு என்று படித்திருக்கிறேன். மூன்று நாள் கணக்குப் போட்டதாக எழுதியிருந்தாய். அதைத் தெரிந்துதான் செய்திருப்பாய். உன் கை தவறி நான் பார்த்ததில்லை. மிச்சத்தையும் இந்த வாரம் மாட்டிவிடுவேன்.

மணிவண்ணன் நாள் குறித்துவிட்டார். 30-ஆம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்கு முதல் சவாரி. ஒன்பது பேர், அதில் நாலு குழந்தைகள். மூடி வைத்திருந்த இன்ஜினை முழு வேகத்தில் விடப்போகிறேன். போய்வந்ததும் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு நீ என்ன செய்வாய்? சும்மாதான் கேட்டேன்.

கந்தன்


30.10.2024
அந்தமான்

அக்கா,

இன்று காலை பத்து மணிக்குப் படகு கிளம்பவில்லை.

நேற்று மாலை கடைசிக் கப்பல் போகும் நேரம். கவுண்டரில் இருக்கிற கமல் ஓடிவந்து, "உனக்கு போன், தமிழ்ல ஒரு அம்மா அழுதுக்கினே கத்துறாங்க" என்றான். அவன் கடலூர்க்காரன், வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. எனக்கு யாரும் போன் செய்வதில்லை. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். செத்தால் தகவல் சொல்ல எனக்கு இருப்பது நீ ஒருத்திதான், செத்தால் வருந்த இருப்பதும் நீ ஒருத்திதான் என்று ஓடும்போதே தோன்றியது.

நீ சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். "கந்தாவா? படகை எடுக்காதப்பா. ஸ்பிரிங்ல ஒரு சுத்து ஜாஸ்தி ஆயிப் போச்சு. நான்தான் சுத்திட்டேன். எடுக்காத. கேக்குதா?"

"கேக்குதுக்கா" என்றேன். அதற்குள் வைத்துவிட்டாய். போன் என் காதிலேயே இருந்தது. கமல் வந்து வாங்கி வைத்தான்.

பிறகு போய் நானே எண்ணிப் பார்த்தேன். ஆறரை இல்லை, ஏழரை. கால் மில்லி இடைவெளி அதனால்தான். அழுத்தமும் அறுபது வரவில்லை, ஐம்பதுகூட இல்லை. முழு வேகத்தில் விட்டிருந்தால் பத்து நிமிஷம் தாங்கியிருக்காது. ஒன்பது பேர் இருந்திருப்பார்கள். தகடு நுழையாதபோதே நான் எண்ணியிருக்க வேண்டும். நீ செய்தது என்பதால் எண்ணவில்லை. தப்பில் பாதி என்னுடையது.

மணிவண்ணனிடம் சொன்னேன். கத்தினார். பிறகு இரண்டு ஸ்பிரிங்கைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு நவம்பர் கடைசி வரை பொறுப்பதாகச் சொன்னார்.

அக்கா, நீ பேசிவிட்டாய். சத்தியம்? எனக்குப் பயமாக இருக்கிறது. உன் கை எப்படி இருக்கிறது?

கந்தன்


13.11.2024
செவிலிமேடு

டேய் கந்தா,

கை நன்றாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அதனால்தானே எழுதுகிறேன்.

உன் கடிதம் 29-ஆம் தேதி மதியம் வந்தது. "கால் மில்லி" என்ற இடத்தில் கடிதத்தை வைத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன். மாதிரிக்கு வைத்திருந்ததை எடுத்து எண்ணினேன். ஆறரை கேட்டவனுக்கு ஏழரையைக் கட்டி அனுப்பியிருக்கிறேன். ஜக்கார்டு ஸ்பிரிங்கில் அப்பா கடைசியில் ஒரு சுற்று மேலுக்கு விடுவார். தறிக்கு அது ஒன்றும் செய்யாது. முப்பது வருஷமாக நானும் அப்படித்தான் விடுகிறேன். கை தானாக ஓடியது என்று பெருமையாக எழுதினேனே, அது ஓடின லட்சணம் இதுதான்.

தந்தி இல்லை. கடிதம் போனால் பத்து நாள். உன் செல்லுக்கு அகிலா எண்ணைக் கண்டுபிடித்து அடித்தாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கவுண்டர் எண்ணை அடித்து, "நீங்க பேசாதீங்கக்கா, நான் சொல்லிடறேன்" என்றாள். நல்ல பெண். ஆனால் மணி போய்க்கொண்டிருக்கும்போதே நான் பிடுங்கிக்கொண்டேன். அவள் சொல்லி நீ நம்பாமல் போய்விட்டால்? "எங்க அக்கா கை தப்பாது" என்று நீ படகை எடுத்துவிட்டால்? எனக்கு அந்த நேரத்தில் கற்பூரமாவது ஒன்றாவது.

வைத்த பிறகுதான் பயம் வந்தது. ஆறு நாள் லேத்தைத் தொடவில்லை. தீபாவளி அன்று விளக்கேற்றிவிட்டுப் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கச்சபேசுவரர் கோவிலுக்குப் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். ஏழாம் நாள் ஸ்விட்சைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அழுகைதான் வந்தது. அகிலா டீ வாங்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. படகு ஓடவில்லையென்றால் உனக்கு அங்கே வேலை இல்லை என்று நீ எழுதியதைப் படித்த அன்று, ஓடாமலே போகட்டும், வீட்டுக்கு வந்து சேரட்டும் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். உன் அறையைக்கூடப் பெருக்கினேன். பிறகு காந்தா என்கிற அந்தப் பெண்ணை நினைத்து வேலையில் உட்கார்ந்தேன். கை மேலுக்கு ஒரு சுற்று விட்டது பழக்கத்தால்தான் என்று அகிலாவிடம் சொன்னேன். பழக்கம்தானா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

புதிதாகச் சுற்றியதை அனுப்புகிறேன். ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டு எண்ணினேன். ஆறரை வந்ததும் "நிறுத்துக்கா!" என்று கத்துவதற்கு அகிலாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஒவ்வொன்றையும் 34 மில்லிக்கு அமுக்கித் தகடு விட்டுப் பார்த்தாயிற்று. நாலு மில்லிக்கு மேல் இடைவெளி இருக்கிறது. 48-இல் அறுபது கிலோ காட்டுகிறது. நீயும் எண்ணு. நான் செய்தது என்று எண்ணாமல் விடாதே.

பார்சலில் பதினேழு இருக்கும். மேலுக்கு ஒன்று போட்டே ஆக வேண்டுமென்றால் ஸ்பிரிங்கில் போடாதீங்க, பெட்டியில போடுங்க என்று அகிலா சொன்னாள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

நீ வாசலில் நின்று கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். என்னை யாரும் இருக்கச் சொல்லவில்லை. நீ கேட்டது சரிதான். நானேதான் இருந்தேன். இருந்ததற்கு உன்மேல் பழி போட்டேன்.

அக்கா


29.11.2024
அந்தமான்

அக்கா,

எண்ணினேன். பதினாறிலும் ஆறரைதான்.

24-ஆம் தேதி நான் மட்டும் படகை எடுத்துக்கொண்டு போனேன். அரை மணி நேரம் மெதுவாக, பிறகு முழு வேகம். நாலாயிரத்தைத் தாண்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தும்மவில்லை. நாலாயிரத்து ஐந்நூறில் ஒரு மணி நேரம் விட்டேன். திரும்பி வந்து மூடியைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. முந்தாநாள் நெஞ்சு வலியோடு ஒரு பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஐம்பது நிமிஷம். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. இறங்கும்போது அவர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். செய்தது காஞ்சிபுரத்தில் எங்கள் அக்கா என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

பதினேழாவது என் ஜன்னலில் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வராதபோது விரலால் அமுக்கிப் பார்க்கிறேன். அசைய மாட்டேன் என்கிறது.

நீ எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். உன்னை யாரும் இருக்கச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய்.

அப்பா போன பதினாறாம் நாள். எனக்குப் பதினொரு வயது, உனக்குப் பத்தொன்பது. திருப்புட்குழியிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். கூடத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பட்டறையில் கம்பிச் சுருளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். நீ என்னைத் தேடி வந்தாய். உன் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போவாதக்கா, நீ போயிட்டா எனக்கு யார் இருக்காங்க, இங்கியே இருக்கா" என்றேன். நீ என் விரல்களைப் பிரித்துவிட்டாய். கூடத்துக்குப் போனாய். கொஞ்ச நேரத்தில் வந்தவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

இதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. மறக்கவில்லையோ என்னவோ. தெரிந்தே அந்தக் கேள்வியைக் கேட்டேனோ என்னவோ. உனக்கும் நினைவிருந்திருக்கும். நீ ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் வாசலில் வைத்தே "நீதாண்டா சொன்ன" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல் கற்பூரத்தைக் கொளுத்தினாய்.

உன்னை யார் இருக்கச் சொன்னது என்று கேட்டேனே. நான்தான் அக்கா. நான்தான் சொன்னேன்.

உடனே வர முடியாது. சீசன் மே மாதம் வரை இருக்கிறது, இந்தப் படகை ஓட்ட இங்கே வேறு ஆள் இல்லை. அதைச் சொல்லி உன்னை ஏமாற்றவும் எனக்கு விருப்பமில்லை. மே மாதம் வருகிறேன். கம்பிச் சுருள்கள் என் அறையிலேயே இருக்கட்டும். அதன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் கடைசிக் கப்பல் போன பிறகும் கவுண்டரைத் திறந்து வைக்கச் சொல்லிக் கமலிடம் கேட்டிருக்கிறேன். ஆறு மணிவரை அந்தப் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ சத்தியத்தை உடைத்து ஒரு தடவை பேசிவிட்டாய். கை போகவில்லை. நம் வீட்டில் எதையும் எண்ணி முடித்த இடத்தில் விட்டதில்லை.

மேலுக்கு ஒன்று போடேன்.

கந்தன்